தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டுறதா? (சமூக மன்றத்துல ஹாம் ரேடியோ பத்திப் பேசினது)

எல்லாருக்கும் வணக்கம். நேரம் ஒதுக்கி வந்திருக்கிற எம்.பி. அவர்களுக்கு, ஆர்.சி.ங்கிற நம்ம குடியிருப்பாளர் குழுத் தலைவர் அண்ணனுக்கு, குடிமைத் தற்காப்புப் படை அதிகாரிகளுக்கு, மகளிர் அணி அக்காமாருக்கு, மைக் சரி பண்ணிக் கொடுத்த தம்பிக்கு... ஆங், பொருளாளர் ஐயா! போன கூட்டத்துல அவரை விட்டுட்டேன், ரெண்டு மாசம் என்கூட பேசல. அதனால இன்னிக்கு அவருக்கு ரெண்டு வணக்கம்.

மூணு விஷயம் சொல்லப்போறேன். ஹாம் ரேடியோன்னா என்ன (லைசன்ஸ் வாங்கிக்கிட்டு தனி ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிற ரேடியோ அது), லைசன்ஸ் எப்படி வாங்குறது, நம்ம ப்ளாக்குக்கு அதனால என்ன பிரயோஜனம். எங்க அப்பத்தா சொல்லும், தாகம் எடுத்தப்புறம் கிணறு வெட்டக்கூடாதுடான்னு. அதை மட்டும் மனசுல வச்சுக்கிட்டு கேளுங்க.

2018 செப்டம்பர் 18, ராத்திரி 1:18 மணி. ஞாபகம் இருக்கா? சிங்கப்பூர் முழுக்க பல இடத்துல பொசுக்குன்னு கரண்ட் போச்சு, 1 லட்சத்து 46 ஆயிரம் வாடிக்கையாளருக்கு மேல பாதிப்பு. ஃபேன் நின்ன உடனே முழிச்சுட்டேன், போன்ல சார்ஜ் நாலு பர்சென்ட். சரி, நம்ம கைல பிடிக்கிற ரேடியோ செட்டு இருக்கேன்னு எடுத்து, ஜன்னலோரம் நின்னு, "நைன் விக்டர் ஒன்..."னு ஆரம்பிச்சேன். சிங்கப்பூர் ஹாம்காரங்க அழைப்புக்குறி, அதாவது ரேடியோல நம்ம அடையாளப் பேரு, 9V1னு அப்படித்தான் ஆரம்பிக்கும்; V எழுத்தை விக்டர்னு சொல்லுவோம். இருட்டுல என் மாமியார், "மாப்ள, யாரு அந்த விக்டர்? நடுராத்திரியில அவரை ஏன் எழுப்புறீங்க?"ன்னு கேட்டாங்க பாருங்க, நான் சிரிக்கவா அழவா, அதுக்குள்ள ஜூரோங்ல இருந்து ஒரு மலாய்க்கார நண்பர் பதில் கொடுத்துட்டாரு, "இங்கயும் இருட்டுதான், கலவரம் ஒண்ணும் இல்ல"ன்னு. மாமியார் உடனே, "விக்டர் நல்லா இருக்காரா?" இப்பவும் எங்க வீட்டுல அந்த செட்டுக்கு விக்டர்னுதான் பேரு.

கதை முடியல. பக்கத்து வீட்டுப் பாட்டி டார்ச் அடிச்சுக்கிட்டு கதவைத் தட்டி, "என்னப்பா ஆச்சு, சண்டை வந்துருச்சா?"ன்னு நடுங்குறாங்க. தமிழ்ல நாலு வார்த்தை சொன்னேன், அப்படியே வாசல்ல உட்கார்ந்து மூச்சு விட்டாங்க. 38 நிமிஷத்துல கரண்ட் முழுசா வந்துருச்சு. அந்தப் பாட்டி முகம்தான் என்னைய இங்க கொண்டாந்து நிறுத்தியிருக்கு.

செட்டுக்குள்ள மந்திரம் ஒண்ணும் இல்ல. போன் பேசணும்னா நடுவுல டவர் வேணும், டவருக்கு கரண்ட் வேணும். இது 144 மெகாஹெர்ட்ஸ்ல, அஞ்சு வாட்ல, செட்டுக்கு செட்டு நேரா போகும். ப்ளாக் மறைச்சா சிக்னல் திணறும், அதையும் சொல்லிடணும். கடல் தாண்டணும்னா ஹெச்.எஃப்.னு சொல்ற சிற்றலை வேணும். 2004 சுனாமி வந்தப்ப அந்தமான்ல இந்திய ஹாம்காரங்க பாரதி பிரசாத்தும் அவங்க குழுவும் ஹாம் நிலையம் போட்டிருந்தாங்க, போன் செத்துப்போன இடத்துல சேதி போக அதுதான் வழியாச்சு. அவங்க போனது பொழுதுபோக்குக்கு, ஆனா கிணறு முன்னாடியே வெட்டியிருந்தது.

இப்ப என் வழக்கமான புலம்பல். வருஷா வருஷம் பிப்ரவரி 15, முழுமைத் தற்காப்பு தினம், சாயங்காலம் 6:20க்கு சைரன் கேட்குது, சரி. நெசமாவே ஒண்ணு ஆச்சுன்னா ஒலி 968 வானொலி தமிழ்ல சொல்லும், அதுவும் சரி. ஆனா பாட்டி திருப்பிக் கேள்வி கேட்டா வானொலி பதில் சொல்லுமா? துவாஸ் பக்கம் வெளிநாட்டு ஊழியர் டார்மிட்டரியில இருக்கிற புதுக்கோட்டைத் தம்பிக்கு சந்தேகம் வந்தா? அதனால எம்.பி. அவர்கள் முன்னாடியே கேட்கிறேன்: ஒவ்வொரு ஆர்.சி.யிலயும் லைசன்ஸ் வச்ச தொண்டூழியர் ஒருத்தராவது தமிழ் பேசுறவரா இருக்கணும். எங்க ஹாம் நண்பர்கள்கிட்ட பத்து வருஷமா இதைச் சொல்றேன், "குட் ஐடியா"ம்பாங்க, டீ குடிப்பாங்க, போயிடுவாங்க.

லைசன்ஸ் பத்தி... மணி அடிச்சுட்டாங்களா? தகவல் தொடர்பு, ஊடகத்தைப் பாத்துக்கிற அரசாங்க ஆணையம் ஐ.எம்.டி.ஏ.வோட பரீட்சை, படிச்சா பாஸ், லைசன்ஸ் இல்லாம பட்டனை அழுத்தாதீங்க, குத்தம். பேர் கொடுக்கிற நோட்டு வாசல்கிட்ட மேசையில இருக்கு, பக்கத்துல விக்டரும் இருக்காரு, வந்து பாருங்க. பொருளாளர் ஐயா, முதல் பேர் உங்களதா எழுதிடவா?