முதல் நாள் கணினியைத் திறக்காதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் ரோபோட்டிக்ஸ் கிட் என்ற, ரோபோ செய்து பழகும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். மத்திய அரசுத் திட்டத்தில் பள்ளிகளில் அமைக்கும் செய்முறைக் கூடங்களான அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் வந்த பிறகு பல அரசுப் பள்ளிகளிலும் அது இருக்கிறது. பெட்டியைப் பிரித்ததும் எல்லோரும் கணினி முன்னால் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். எந்தப் பயிற்சி வகுப்புக்குப் போனாலும் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: முதல் நாள் கணினியைத் திறக்காதீர்கள். பல்சக்கரத்தையும், ஒளி, ஒலி போன்றவற்றை உணரும் சென்சாரையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

பெட்டியில் மஞ்சள் நிறத்தில் ஒரு மோட்டார் இருக்கும். பிஓ மோட்டார் என்று கடையில் கேட்டால் கொடுப்பார்கள். அதன் மூடியைக் கழற்றினால் உள்ளே வெள்ளைப் பல்சக்கரங்கள் அடுக்கடுக்காக நிற்கும். மோட்டாரின் அச்சு தனியாக மிக வேகமாகச் சுற்றும். ஆனால் இரண்டு விரலால் பிடித்தால் நின்றுவிடும். அதே மோட்டார் பல்சக்கரங்கள் வழியாகச் சக்கரத்தைச் சுற்றும்போது பிடித்து நிறுத்துவது கடினம். பரவலாகக் கிடைக்கும் வகையில் மோட்டார் 48 சுற்று சுற்றினால்தான் வெளிச்சக்கரம் ஒரு சுற்று வரும். வேகத்தைக் கொடுத்துவிட்டு விசையை வாங்கிக்கொள்கிறோம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

கொல்லிமலைக்குப் பேருந்தில் போனவர்களுக்கு இது தெரியும். 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏற்றத்தில் ஓட்டுநர் கியரைக் குறைப்பார். இன்ஜின் உறுமும், வண்டி மெதுவாகத்தான் போகும், ஆனால் ஏறிவிடும். அந்த மஞ்சள் டப்பாவுக்குள் நடப்பதும் அதுதான்.

இனி பல்லை எண்ணுங்கள். 8 பல் சக்கரம் 24 பல் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒரு பங்கு ஆகும். அந்தப் பெரிய சக்கரத்தின் அச்சிலேயே இன்னொரு 8 பல் சக்கரத்தை மாட்டி, அதை இன்னொரு 24 பல் சக்கரத்தோடு சேர்த்தால்? மூன்றும் மூன்றும் ஆறு என்று பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிடுவார்கள். கையால் சுற்றிப் பார்க்கச் சொல்வேன். கடைசிச் சக்கரம் ஒரு சுற்று வர, முதல் சக்கரம் ஒன்பது சுற்று வரும். கூட்டல் இல்லை, பெருக்கல். தானே சுற்றி எண்ணிய பிள்ளைக்கு அது மறக்காது.

அப்புறம் இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு சக்கரங்களுக்கு நடுவில் மூன்றாவதாக ஒன்றைச் செருகுங்கள். கடைசிச் சக்கரம் சுற்றும் திசை மாறும், வேகம் மாறாது. நடுச் சக்கரத்துக்கு 12 பல்லோ 40 பல்லோ, எத்தனை இருந்தாலும் சரி. பெரியவர்களே நம்பமாட்டார்கள். அவர்களையும் எண்ணிப் பார்க்கச் சொல்வேன்.

சரி, சென்சாருக்கு வருவோம். ஒரு பள்ளியில் கறுப்புக் கோட்டைப் பின்தொடரும் வண்டி செய்தார்கள். மாலையில் அழகாக ஓடியது. மறுநாள் காலை கோட்டை விட்டு விலகி விலகிப் போனது. பையன்கள் புரோகிராமைத் திரும்பத் திரும்பத் திருத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும் வண்டியின் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து, நோட்டு அட்டையால் ஜன்னல் வெயிலை மறைத்தாள். வண்டி கோட்டுக்குத் திரும்பிவிட்டது! அந்தச் சென்சார் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருவதைப் பார்க்கிறது. வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும், கறுப்புக் கோடு விழுங்கிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு. அது உள்ளே புகுந்தால் கறுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். புரோகிராமில் ஒரு பிழையும் இல்லை. சென்சார் பலகையில் ஒரு குட்டித் திருகு இருக்கும். இடத்துக்குத் தகுந்தபடி அதைத் திருப்பிச் சரிசெய்வதைத்தான் முதலில் பழக வேண்டும்.

இரண்டு உருளைக் கண்கள் போலத் தெரியும் அல்ட்ராசோனிக் சென்சாரும் அப்படித்தான். நம் காதுக்கு எட்டாத ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறது. சுவர் ஒரு மீட்டர் தூரத்தில் இருந்தால், நொடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு நேரத்தில் ஒலி திரும்பிவிடும். அது போய் வந்த நேரம், அதனால் பாதியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். சுவரை நன்றாகக் கண்டுபிடிக்கும். தடித்த திரைச்சீலைக்கு முன்னால் தடுமாறும், துணி ஒலியை விழுங்கிவிடுகிறது. சாய்வாக வைத்த பலகையில் பட்ட ஒலி வேறு பக்கம் போய்விடும். வீட்டில் தலையணை, பலகை, சுவர் மூன்றையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் சர்வோ மோட்டாரைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். பல்சக்கரமும் கோணத்தை அளக்கும் சென்சாரும் ஒரே டப்பாவுக்குள் இருப்பது அதில்தான். இப்போதைக்கு ஒன்று மட்டும்: மின்சாரம் இருக்கும்போது அதன் கையைப் பிடித்துத் திருக்காதீர்கள், பிளாஸ்டிக் பற்கள் உடைந்துவிடும். வணக்கம்.