தலையில் ஐந்து நிமிடம்: பொடுகுக்கு வீட்டில் என்ன செய்யலாம்?

[திரையில்: கல்யாண மண்டபத்தில் எடுத்த படம். கறுப்புச் சட்டை. தோள் பகுதி மெல்லப் பெரிதாகிறது.]

வணக்கம். இந்தப் படத்தில் இருக்கும் தோள் என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் எடுத்தது. மேலே வெள்ளையாகத் தெரிவது அட்சதை இல்லை. சேலத்துக்காரன் ஆயிற்றே, "ஜவ்வரிசி மில்லுக்குப் போய்ட்டு நேரா வந்தேன்" என்று சொல்லிச் சமாளித்துப் பார்த்தேன். ஒருவரும் நம்பவில்லை.

அன்று இரவே அம்மா காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "தலைக்கு எண்ணெய் வெச்சு எத்தனை நாளாச்சு கண்ணு? காஞ்சு போய்க் கெடக்குது. பொடுகு வராம என்ன பண்ணும்?"

மறுநாளிலிருந்து தினமும் எண்ணெய். காலையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போவேன், ராத்திரி அப்படியே படுப்பேன். ஒரு மாதத்தில் அரிப்பு தாங்க முடியவில்லை. தலையணை உறையை உதறினால் கொட்டியது.

அம்மா சொன்னது எங்கே தவறிப் போனது என்பதிலிருந்து தொடங்கலாம். முதலிலேயே ஒன்று: நான் டாக்டர் இல்லை. ஒரு தோல் மருத்துவர் எனக்குச் சொன்னதும், அதற்குப் பிறகு நான் தேடிப் படித்ததும்தான் இதில் இருக்கிறது.

[காட்சி: வரைபடம். தலைத்தோலின் குறுக்குவெட்டு, முடிக்கால், பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி.]

நம் தலையில் ஒரு பூஞ்சை குடியிருக்கிறது. மலசீசியா என்று பெயர். பொடுகு இருப்பவர், இல்லாதவர், தினமும் குளிப்பவர், சோம்பேறி, எல்லார் தலையிலும் இருக்கிறது. 1874-இல் லூயி சார்ல் மலசே என்ற பிரெஞ்சுக்காரர் தலைச் செதிலில் இதைப் பார்த்து எழுதினார். 1889-இல் அவர் பெயரையே இதற்கு வைத்தார்கள். பொடுகுக்குத் தன் பெயரைக் கொடுத்த மனிதர், பாவம்.

இந்தப் பூஞ்சைக்கு ஒரு விசித்திரம் உண்டு. உயிர் வாழக் கொழுப்பு வேண்டும், ஆனால் கொழுப்பமிலத்தைத் தானாகத் தயாரிக்கத் தெரியாது. 2007-இல் இதன் மரபணுத் தொகுப்பைப் படித்துப் பார்த்தபோது, அதற்கான மரபணுவே இதனிடம் இல்லை என்று தெரிந்தது. சமைக்கத் தெரியாதவன் மெஸ்ஸில் சாப்பிடுவதுபோல, நம் தலைத்தோல் சுரக்கும் எண்ணெயைத்தான் நம்பியிருக்கிறது. அந்த எண்ணெயை உடைத்து, தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத் தோல் மேலேயே விட்டுவிடும். மிச்சத்தில் ஓலியிக் அமிலம் என்று ஒன்று உண்டு. சிலருடைய தோலுக்கு அது ஒத்துக்கொள்ளாது, எரிச்சல் வரும், அரிக்கும்.

எரிச்சல் வந்த தோல் அவசரப்படும். சாதாரணமாக ஒரு தோல் செல் அடியில் பிறந்து மேலே வந்து உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். ஒவ்வொன்றாக உதிர்வதால் நம் கண்ணுக்கே தெரியாது. அவசரத்தில் பாதி வெந்த செல்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு மேலே வருகின்றன. அந்தக் கொத்துதான் பொடுகு.

ஆகவே பொடுகு அழுக்கால் வருவதில்லை, எண்ணெய் வைக்காததாலும் வருவதில்லை. குழந்தைகளுக்கு அவ்வளவாக இல்லாமல், வயசுக்கு வந்த பிறகு, தோலில் எண்ணெய்ச் சுரப்பு கூடும்போதுதான் இது தலைகாட்டுகிறது. ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் தொற்றாது. பூஞ்சைதான் ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கிறதே. ஆய்வுக்கூடத்தில் இந்தப் பூஞ்சையை வளர்க்க வேண்டுமென்றால், வளர்தட்டின் மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுகிறார்கள். நான் ஒரு மாதம் என் தலையில் அந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன்.

[காட்சி: ஏற்காடு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவு எண் பலகைகள் ஒவ்வொன்றாகக் கடக்கின்றன. பனி.]

இப்போது மேலே போகலாம். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு. ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் என் சின்னம்மா வீடு. அவர் தலையிலும் வெள்ளையாக உதிர்ந்தது. ஆனால் அது வேறு.

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மார்கழி, தை மாதக் குளிரில் சின்னம்மா கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் தலைக்குக் குளிப்பார். சோப்புதான், ஷாம்பு கிடையாது. பிறகு கம்பளிக் குல்லா. அவருக்கு உதிர்ந்த செதில் பொடிப்பொடியாக, காய்ந்து, விரலில் ஒட்டாமல் விழுந்தது. கை காலும் வறண்டு கோடு கோடாக இருந்தது. என்னுடையது கொஞ்சம் பெரிய செதில், லேசான மஞ்சள், நகத்தில் எடுத்தால் பிசுபிசுப்பு. காதுக்குப் பின்னாலும் மூக்கின் ஓரத்திலும் சிவந்திருந்தது.

சின்னம்மாவுக்கு இருந்தது வெறும் வறட்சி. வெந்நீரை வெதுவெதுப்பாக்கி, சோப்பை நிறுத்தி, குளிப்பதற்கு முன் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னதும் மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. அம்மாவின் வைத்தியம் சரியான வைத்தியம்தான். ஆள்தான் மாறிப்போய்விட்டது. மலையில் இருக்கும் தங்கைக்குச் சொல்ல வேண்டியதைச் சேலத்தில் இருக்கும் மகனுக்குச் சொல்லிவிட்டார்.

இதனால் மலையில் எல்லாருக்கும் வறட்சி, கீழே எல்லாருக்கும் பொடுகு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பொடுகும் குளிர் காலத்தில் கூடும். செதிலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஊரைப் பார்த்து இல்லை.

சேலத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு: போர்த் தண்ணீர். உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்து வெள்ளைப் பிசுக்காக முடியில் படியும். அரப்புத்தூளைக் கஞ்சியில் கரைத்துத் தேய்த்துவிட்டு அரைகுறையாக அலசினாலும் மறுநாள் தூள் தூளாக உதிரும். எங்கள் தெருவில் பாதிப் பொடுகு அரப்புத்தூள்தான் என்பது என் கணிப்பு. மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில் தலைக்குக் குளித்துப் பாருங்கள், அல்லது கடைசி இரண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக ஊற்றுங்கள். அதிலேயே உதிர்வது நின்றால் உங்களுக்கு மருந்து எதுவும் வேண்டாம்.

[காட்சி: மருந்துக் கடை மேசை. ஷாம்பு பாட்டில்கள், பெயர் மறைத்தபடி. பின்பக்க எழுத்து பெரிதாகிறது.]

சரி, பிசுபிசுப்பான, அரிக்கிற, அசல் பொடுகு என்று தெரிந்துவிட்டது. என்ன செய்வது?

பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள். பின்பக்கம் திருப்பி, பொடியெழுத்தில் இந்தப் பெயர்களில் ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். கீட்டோகோனசோல், 2 சதவீதம். இல்லையென்றால் ஜிங்க் பைரித்தியோன். அல்லது செலினியம் சல்ஃபைடு. மூன்றுமே அந்தப் பூஞ்சையைக் குறைப்பவை. சாலிசிலிக் அமிலம் என்று இருந்தால் அது தடித்த செதிலை இளக்கி எடுக்கும்; அடை அடையாக ஒட்டியிருப்பவர்களுக்கு உதவும்.

செலினியம் வாங்கினால் கொலுசு, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுக் குளியுங்கள். வெள்ளியை அது கறுக்க வைத்துவிடும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஜிங்க் பைரித்தியோனை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அழகுசாதனப் பொருட்களில் தடை செய்தது. அதை வைத்து வாட்ஸப்பில் பயமுறுத்துகிறார்கள். அந்தத் தடைக்கு அடிப்படை, விலங்குகளின் உடலுக்குள் மருந்து போனபோது கருவளர்ச்சியில் தெரிந்த பாதிப்பு. தலையில் தேய்த்து அலசிவிடும் ஷாம்பு இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விற்பனையில்தான் இருக்கிறது. மனசு ஒப்பவில்லையா, கீட்டோகோனசோல் வாங்குங்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் எதை வாங்குவதானாலும் ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

[திரையில்: கடிகாரம். நொடி முள் ஓடுகிறது.]

இப்போது சொல்லப்போவதுதான் முக்கியம். நான் இரண்டு வருடம் மருந்து ஷாம்புவைப் போட்டும் கேட்கவில்லை. "இதெல்லாம் விளம்பரம்" என்று ஒரு சலூனில் தலைக்கு ஆவி பிடிக்கிறேன் என்று ஆயிரத்து இருநூறு ரூபாய் கொடுத்ததுகூட உண்டு. இரண்டு நாள் தலை மணத்தது, அவ்வளவுதான்.

தோல் மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஷாம்பு போட்டு எவ்வளவு நேரம் விடுறீங்க?"

விடுவதா? போட்டேன், நுரைத்தேன், அலசினேன். அரை நிமிடம்.

"அரை நிமிஷத்தில் மருந்து சாக்கடைக்குத்தான் போகும். அஞ்சு நிமிஷம் விடுங்க" என்றார்.

முறை இதுதான். முதலில் தலையை நன்றாக நனைக்க வேண்டும். எண்ணெயும் தூசியும் அதிகமாக இருந்தால் சாதாரண ஷாம்பு போட்டு ஒருமுறை அலசிவிடுங்கள். பிறகு மருந்து ஷாம்புவை முடியில் இல்லாமல், தோலில் படும்படி வகிடு வகிடாகப் பிரித்து விரல் நுனியால் தேய்க்க வேண்டும். நகம் படக்கூடாது. புருவத்திலோ காதுக்குப் பின்னாலோ செதில் இருந்தால் அங்கேயும் கொஞ்சம், கண்ணில் படாமல். பிறகு சும்மா இருங்கள். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். சோப்புப் போட்டு மேல் குளித்து முடிப்பதற்குள் நேரம் ஆகிவிடும். பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள்.

கீட்டோகோனசோல் என்றால் வாரத்துக்கு இரண்டு நாள், இரண்டிலிருந்து நான்கு வாரம். மற்ற நாட்களில் வழக்கமான ஷாம்பு போடலாம். அடங்கிய பிறகு வாரத்துக்கு ஒருமுறையோ, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையோ தொடர வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூஞ்சை ஊரைவிட்டுப் போகவில்லை, அடங்கி இருக்கிறது. பொடுகு ஒரேயடியாகக் குணமாகாது, கட்டுக்குள் வைத்திருக்கலாம். ஒரே பாட்டிலில் நிரந்தரத் தீர்வு என்று யாராவது விற்றால் நடையைக் கட்டுங்கள்.

எண்ணெய்க் குளியலை விட மனம் வரவில்லை என்றால் விட வேண்டாம். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்து, ஒரு மணி நேரத்துக்குள் அலசிவிடுங்கள். ஒட்டிக்கிடக்கும் செதில் ஊறி எளிதாக வரும். பொடுகு அடங்கும்வரை ராத்திரி முழுக்க ஊற விடுவதும், காலையில் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் அலைவதும் வேண்டாம்.

[காட்சி: சமையலறைத் திண்ணை. எலுமிச்சை, வெந்தயம், தயிர்க் கிண்ணம், ஒரு கொத்துப் பொடுதலை.]

அடுத்து அடுப்படி. எலுமிச்சையைத் தேய்க்காதீர்கள். சொறிந்து புண்ணான தலையில் அது தீயாக எரியும். கழுவாமல் வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கொப்பளித்துக் கறுத்தும் போகும். சமையல் சோடாவும் வேண்டாம், தோலை வறட்டிவிடும். ஊறவைத்து அரைத்த வெந்தயம் குளிர்ச்சியாக இருக்கும், அரிப்புக்குக் கொஞ்சம் இதம். பூஞ்சை அதனால் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். தயிரும் அப்படித்தான், கூடவே அலசி முடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

வரப்போரம், ஈரமான இடங்களில் படர்ந்து கிடக்கும் பொடுதலை பெயரிலேயே நோயை வைத்திருக்கிறது. சித்த மருத்துவத்தில் அதில் தைலம் காய்ச்சுகிறார்கள். பிடித்தவர்கள் பயன்படுத்தலாம். ஆனால் அதுவும் எண்ணெய்தான். ஒரு மணி நேரக் கணக்கு அதற்கும் உண்டு.

ஹெல்மெட் போடாமல் இருக்கப் பொடுகைச் சாக்குச் சொல்லாதீர்கள். உள்ளே ஒரு பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, அதைத் தினமும் துவைத்தால் போதும்.

[காட்சி: பள்ளிச் சிறுவனின் பின்தலை, வரைபடம். வட்டமாக முடி இல்லாத இடம்.]

சிலதை வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குச் செதிலோடு வட்டமாக முடி கொட்டினால் அது பெரும்பாலும் படர்தாமரை. ஷாம்புவால் மட்டும் போகாது, மாத்திரை வேண்டும். சீப்பு, துண்டு வழியாக மற்ற பிள்ளைகளுக்கும் பரவும். வெள்ளி நிறத்தில் தடித்த செதில், முன்நெற்றியைத் தாண்டி இறங்குகிறது, முழங்கை முழங்காலிலும் இருக்கிறது என்றால் சொரியாசிஸாக இருக்கலாம். முடியை இழுத்தாலும் நகராமல் ஒட்டியிருக்கும் வெள்ளை, பொடுகே இல்லை, ஈர். தலைக்கு டை அடித்த இரண்டு நாளில் அரிப்பும் வீக்கமும் வந்தால் டையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

மருந்துக் கடையில் அரிப்பு என்று சொன்னவுடன் ஒரு டியூபை எடுத்து நீட்டுவார்கள். மூன்று மருந்து கலந்தது, அதில் ஒன்று ஸ்டீராய்டு. இரண்டு நாளில் அரிப்பு நிற்கும், படர்தாமரையாக இருந்தால் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும். சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் குறையாவிட்டால், தோல் சிவந்து நீர் கசிந்தால், தோல் மருத்துவரைப் பாருங்கள். சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய்ச் சீட்டுப் போட வேண்டும்.

[காட்சி: வீட்டுக் குளியலறைக் கதவு, வெளியிலிருந்து. உள்ளே தண்ணீர்ச் சத்தம் இல்லை.]

எனக்கு மூன்றாவது வாரத்தில் அரிப்பு நின்றது. இப்போது இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒருமுறை. மார்கழியில் மட்டும் வாராவாரம். அம்மாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டி, "தூங்கிட்டயா கண்ணு?" என்கிறார்.