ஒளி பட்டால் முறுக்கு மாறும் திரவப் படிகம்

அனைவருக்கும் வணக்கம். எல்சிடி டிவித் திரைக்குள் இருக்கும் திரவப் படிகத்தை மின்சாரம் ஆட்டிவைக்கிறது. அந்த வேலையை ஒளியிடமே விட முடியுமா என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

1888-ல் பிராக் நகரில் தாவரவியலாளர் ரைனிட்சர் கொலஸ்டெரைல் பென்சோயேட்டைச் சூடாக்கினார். 145.5 டிகிரியில் அது கலங்கலாக உருகியது, 178.5 டிகிரியில்தான் தெளிந்தது. அந்தக் கலங்கல்தான் திரவப் படிகம். இந்த வகையில் நீள மூலக்கூறுகள் மட்டத்துக்கு மட்டம் சற்றே திரும்பி, சுருளாக அமைகின்றன. ஒரு முழுச் சுற்றின் நீளம் புரியிடைத் தூரம். நிறம் அதைப் பொறுத்தது. ஒளிவிலகல் எண் 1.6 என்று வைத்துக்கொள்ளுங்கள். புரியிடைத் தூரம் 350 நானோமீட்டர் என்றால், இரண்டையும் பெருக்கி வரும் 560 நானோமீட்டர் பச்சை ஒளி எதிரொளிக்கும். 400 என்றால் சிவப்பு. சாயமே தேவையில்லை.

முறுக்கில்லாத நெமாட்டிக் திரவப் படிகத்தில் ஒரு கைரல் சேர்மத்தை, அதாவது வலக்கை இடக்கை போல ஒன்றோடொன்று பொருந்தாத ஆடிப் பிம்பம் உள்ள சேர்மத்தைக் கலந்தால் அதுவும் முறுக்கிக்கொள்ளும். எவ்வளவு கலக்கிறோம் என்பதுதான் சிக்கல். நிறைய கலந்தால் திரவப் படிகமே குலைந்துவிடும். அதனால் முறுக்குத் திறன் அதிகமுள்ள சேர்மம் வேண்டும்.

இங்கேதான் உலோகம் வருகிறது. ருத்தேனியம் போன்ற உலோக அயனியைச் சுற்றி மூன்று ஈனிகள், அதாவது உலோகத்தோடு பிணையும் மூலக்கூறுகள், பிணைந்தால், மூன்று இறக்கை மின்விசிறி போன்ற வடிவம் கிடைக்கிறது. இறக்கைகள் வலப்பக்கம் சாய்ந்தது ஒன்று, இடப்பக்கம் சாய்ந்தது இன்னொன்று. கைரல் தன்மை உலோக மையத்திலேயே இருக்கிறது. உலோகத்தைச் சுற்றி ஈனிகள் பிணைந்த இப்படிப்பட்ட அணைவுச் சேர்மங்களை வலம், இடம் என்று பிரிக்கலாம் என்று 1911-ல் ஆல்ஃபிரட் வெர்னர் கோபால்ட்டை வைத்துக் காட்டினார். 1913-ல் நோபல் பரிசு பெற்றார். 2003-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஒரு ருத்தேனியம் சேர்மத்தை நெமாட்டிக்கில் கலந்து, பெரிய முறுக்குத் திறனைக் கண்டார்கள்.

சரி, ஒளி என்ன செய்கிறது? சில அணைவுச் சேர்மங்களில் ஒளி பட்டால் வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறும். இரண்டும் கலக்கக் கலக்க முறுக்கு தளரும், புரியிடைத் தூரம் நீளும், நிறம் சிவப்புப் பக்கம் நகரும். ஆனால் சாதாரண ஒளியால் இதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. திருகுபோலச் சுழன்று செல்லும் வட்ட முனைவாக்க ஒளி ஒரு பக்கத்தைக் கொஞ்சம் கூட்டித் தரும். அதுவும் மிகச் சிறிய அளவுதான்.

அதனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது இன்னொரு வழி. ஈனியின் முனையில், ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் என்ற மூலக்கூறை ஒட்டிவிடுவது. புற ஊதா ஒளியில் அது மடங்கும், கண்ணுறு ஒளியில் நிமிரும். உலோக மையம் கலைவதில்லை, இறக்கையின் வடிவம் மட்டும் மாறுகிறது. முறுக்கும் அதோடு கூடிக் குறையலாம். இதிலும் ஒரு தொல்லை உண்டு. அசோபென்சீன் உள்வாங்கிய ஆற்றலை உலோகம் பறித்துக்கொண்டால் மடங்குவதே நின்றுபோகும். தள்ளி ஒட்டினால் மடங்கும், ஆனால் அந்த அசைவு மையத்தின் முறுக்கோடு சேராமல் போகலாம். எந்த உலோகத்துக்கு எவ்வளவு இடைவெளி என்பதை ஒவ்வொரு சேர்மமாகச் செய்துதான் பார்க்க வேண்டும். இங்கே இருக்கும் வேதியியல் மாணவர்கள் அந்த வேலைக்கு வர வேண்டும் என்பது என் ஆசை.