கூடம் கோணல் என்றிருந்தால் இளவரசன் ஓடியிருப்பானா?

(மட்டக்களப்பு, கல்லடிப் பக்கத்து வாசிகசாலை ஒன்றின் ஆண்டு விழாவில் நான் பேசியதன் எழுத்து வடிவம். கைதட்டலை எடுத்துவிட்டேன். பேச்சு தடம் புரண்ட இடங்களை அப்படியே விட்டிருக்கிறேன்.)

விழாத் தலைவர் அவர்களே, கோயில் அலுவலை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வண்ணக்கர் ஐயா அவர்களே, கிராம சேவை உத்தியோகத்தர் அவர்களே, அதிபர் அம்மா அவர்களே, ஓய்வுபெற்ற கோட்டக் கல்விப் பணிப்பாளர் அவர்களே, முழங்கால் நோவோடும் படியேறி வந்த, எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஐயா அவர்களே, இன்னும் வந்து சேராத, ஆனால் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லப்படும் பிரதம விருந்தினர் அவர்களே, வாசிகசாலைக்குக் கதிரை தந்த குடும்பத்தாரே, பின்னால் நின்று கச்சான் கொறிக்கும் தம்பிமாரே, எல்லோருக்கும் வணக்கம். யாருடைய பெயரையாவது விட்டிருந்தால் மன்னிக்க வேண்டும். போன வருடம் விட்டுவிட்டேன், அந்த ஆள் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

‘ஒரு பழைய கொம்பியூட்டர் விளையாட்டும் அதன் குறையாத மவுசும்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. மவுசு என்றதும் முன்னால் இருக்கும் பிள்ளை மேசையில் கிடக்கிற மவுஸைப் பார்க்கிறது. அது வேறு மனே. விளையாட்டின் பெயர் பிரின்ஸ் ஒஃப் பேர்சியா, பாரசீக இளவரசன். நாலு விடயம் சொல்லப் போகிறேன்: அது எப்படி உருவானது, ஏன் இன்னும் நிற்கிறது, விளையாட்டுத் தொழிலை எப்படி மாற்றியது, நம் பிள்ளைகள் அந்தத் தொழிலுக்குள் எப்படிப் போகலாம்.

அதற்கு முதல் என் வழமையான பழமொழி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் இதைச் சொல்லாத மேடை இல்லை என்று வீட்டில் நக்கலடிப்பார்கள். இன்றைக்குக் காரணத்தோடுதான் சொல்கிறேன்.

இதை உருவாக்கிய ஜோர்டான் மெக்னர் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர். படிக்கிற காலத்திலேயே, 1984இல், கராட்டேக்கா என்ற விளையாட்டை வெளியிட்டுப் பெயர் வாங்கியவர். அடுத்ததற்கு அவர் கையில் இருந்தது அப்பிள் டூ கணினி. இந்த விளையாட்டுக்குக் கிடைத்த நினைவகம் வெறும் 128 கிலோபைட். இப்போது உங்கள் போனில் வருகிற ஒரு காலை வணக்கப் படம் அதைவிடப் பெரிது. அதற்குள் அரண்மனை, நிலவறை, முள், பொறி, வாள், இளவரசன் எல்லாம் அடங்க வேண்டும். கூடம் கோணல் மட்டுமில்லை, கூடமே ஒரு கோழிக்கூடுதான்.

அவர் என்ன செய்தார்? 1985இல் தன் தம்பி டேவிட்டுக்கு வெள்ளை உடுப்பு உடுத்தி, வாகனத் தரிப்பிடம் ஒன்றில் ஓடவிட்டார், பாயவிட்டார், ஏறித் தொங்கவிட்டார். அதை வீடியோவில் பிடித்து, ஒவ்வொரு கணமாக நிறுத்தி, படமெடுத்து, உருவத்தின் ஓரத்தைக் கறுப்பும் வெள்ளையுமாகத் தெளிவாக்கி, கணினிக்குள் ஏற்றினார். அதுதான் அந்த ஓட்டம். இளவரசன் நினைத்த இடத்தில் நிற்க மாட்டான். ஓடிவந்த வேகத்தில் கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பான். குழிக்கு முன்னால் அடியைக் கணக்குப் பார்த்துப் பாய வேண்டும். ஒரு அடி பிசகினால் கீழே முள்.

அண்ணாவியார் ஐயா தலையாட்டுகிறார். அவருக்கு விளங்கும். சட்டம் கொடுத்த, அதாவது கூத்தில் ஆளாளுக்குப் பாத்திரம் பிரித்துக் கொடுத்த நாளில் இருந்து சதங்கை அணிகிற நாள் வரைக்கும் அவர் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதுதானே, காலைப் பார், தாளத்தைப் பார். என் அபிப்பிராயத்தில் இந்த விளையாட்டு முப்பத்தைந்து வருடத்துக்கும் மேலாக நிற்பதற்குக் காரணம் கதை இல்லை. கெட்ட மந்திரி, சிறைப்பட்ட இளவரசி, 60 நிமிடக் கெடு, இதெல்லாம் எந்தக் கூத்திலும் உண்டு. அந்த உடம்புக்குப் பாரம் இருந்தது, அதனால்தான் நிற்கிறது.

இப்போது ஒரு கதை. தலைவர் மணிக்கூட்டைப் பார்க்கிறார், சுருக்கமாகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் டவுனில் ஒரு கொம்பியூட்டர் வகுப்புக்குப் போனேன். எட்டுப் பிள்ளைக்கு இரண்டு மெசின். கரண்ட் வந்தால் வகுப்பு, போனால் வீடு. படிப்பித்த சேருக்கு விளையாட்டு என்ற சொல்லே ஆகாது. ஒரு கூட்டாளி, இப்போது கனடாவில் இருக்கிறான், பெயர் சொன்னால் அங்கிருந்து ஏசுவான், புளொப்பி ஒன்றில் இந்த இளவரசனைக் கொண்டுவந்தான். களவுக் கொப்பிதான், ஒத்துக்கொள்கிறேன். களவுக் கொப்பிக்காரரைப் பிடிக்க உள்ளே ஒரு பொறி வைத்திருந்தார்கள். ஆட்டத்தின் நடுவில் ஒரு அறை. வரிசையாகக் குப்பிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து. கையேட்டின் இத்தனையாம் பக்கம், இத்தனையாம் வரி, இத்தனையாம் சொல், அதன் முதல் எழுத்து எதுவோ அந்தக் குப்பியைக் குடி என்று கேட்கும். எங்களிடம் கையேடு ஏது? தவறான குப்பியைக் குடித்தால் உயிர் குறையும். மறுபடியும் மறுபடியும் தவறினால் ஆள் முடிந்தான்.

அப்போது நாங்கள் கூடம் கோணல் என்று சொல்லவில்லை. ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினோம். குடித்துச் செத்து, குடித்துச் செத்து, தப்பிய எழுத்தையெல்லாம் எழுதி வைத்தோம். பக்கம் 4, வரி 7, சொல் 2, கே. இப்படி வரிவரியாக. இரண்டு மாதத் தவம்.

ஒருநாள் பின்னேரம் அந்தக் கொப்பியோடு சைக்கிளில் வருகிறோம், வழியில் சோதனைச் சாவடி. யுத்த காலம், அது எப்படி என்று பெரியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொப்பியை விரித்தால் முழுக்க இலக்கமும் எழுத்தும். விரித்தவரின் முகத்தைப் பார்த்தபோதுதான் நாங்கள் எழுதி வைத்திருப்பது எப்படித் தெரிகிறது என்று எங்களுக்கே உறைத்தது. இது மருந்து, இளவரசன் குடிக்கிற மருந்து என்று கூட்டாளி அழுதுகொண்டே சொல்கிறான். மருந்து என்றதும் நிலைமை இன்னும் மோசமானது. மறுகா யாரோ போய் எங்கள் சேரைக் கூட்டி வந்தார்கள். அவருக்குச் சிங்களம் அரைகுறை. சொல்லிப் பார்த்தார், முடியவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டினார், நடுரோட்டில் ஓடினார், சறுக்கி நின்றார், பாய்ந்தார், இரண்டு கையையும் தூக்கி விளிம்பில் தொங்குவதுபோலக் காட்டினார், குப்பியை எடுத்துக் குடித்தார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டிலேயே விழுந்தார். சாவடியில் இருந்தவர்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எங்களைப் போகச் சொன்னார்கள்.

எனக்கு இன்றைக்கும் வியப்பு ஒன்றுதான். விளையாட்டே கூடாது என்ற மனுசன் அந்தச் சறுக்கலை அவ்வளவு சரியாக எங்கே பழகினார்? வகுப்பு முடிந்த பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு இருந்திருக்கிறார்!

ஆனால் கொப்பி திரும்பி வரவில்லை. அது ஒன்றுதான் இருந்தது. பிரதி இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

சரி, மெக்னர். வேலை பாதியில் நிற்கிறது. தோழி ஒருவர், டோமி பியர்ஸ், சண்டை வேண்டும், எதிராளி வேண்டும் என்று விடாமல் நச்சரிக்கிறார். நினைவகத்தில் இன்னொரு ஆளுக்கு இடமில்லை. அப்போதுதான் இளவரசனின் படத்தையே எடுத்து, ஒரு புள்ளி தள்ளி அதன் மேலேயே வைத்து, ஒத்துப்போகிற புள்ளிகளை அழித்தார். மினுங்கும் ஓரத்தோடு ஒரு நிழல் மனிதன் எழும்பினான். புதிதாகப் படம் எதுவும் தேவைப்படவில்லை. நாலாம் கட்டத்தில் கண்ணாடியை உடைத்துக்கொண்டு இளவரசன் பாய்கிறபோது மறுபக்கத்தால் அந்த நிழல் மனிதன் ஓடுகிறான். கடைசிக் கட்டத்தில் வாளோடு எதிரே நிற்கிறான். அவனை வெட்டினால் காயம் உனக்கு. வாளை உறையில் போட்டுவிட்டு நடந்தால் இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். எங்களுக்கு இது தெரியாமல் எத்தனை தரம் வெட்டினோம்! இடம் இல்லாத குறைதான் அந்த விளையாட்டின் ஆகச் சிறந்த பாத்திரத்தைப் பெற்றது. ஆடத் தெரிந்தவன் கோணல் கூடத்திலும் ஆடுவான்.

இசை அவருடைய தகப்பன் பிரான்சிஸ் போட்டது. சிறுவயதில் வியன்னாவில் இருந்து ஹிட்லரின் நாசிகளுக்குத் தப்பி அகதியாக வந்த மனுசன். 1989இல் விளையாட்டு வெளிவந்தது. புரோடர்பண்ட் நிறுவனம் வெளியிட்டது. முதலில் சரியாக விற்கவில்லை. அப்பிள் டூவின் காலம் முடிந்துகொண்டிருந்தது. மற்றக் கணினிகளுக்கு மாற்றிய பிறகுதான் சூடு பிடித்து, இருபது லட்சம் பிரதிக்கு மேல் போனது. 2003இல் புது வடிவம், 2010இல் சினிமா. மூன்றாவது விடயத்தை இத்தோடு விட்டுவிடுகிறேன், நேரமில்லை.

நான் வந்தது இதைச் சொல்லத்தான். மெக்னர் தன் கையால் எழுதிய மூல நிரலை, அதாவது விளையாட்டை இயக்குகிற கட்டளைகளின் மூலப் பிரதியைத் தொலைத்துவிட்டார். வருடக்கணக்காகத் தேடினார். 2012இல் தகப்பன் வீட்டுச் சாமான்களுக்குள் இருந்து ஒரு பெட்டி வந்தது. அதற்குள் பழைய புளொப்பிகள். பழைய கணினிகளில் தேர்ந்த ஆட்கள் வந்து, பொறுமையாக உட்கார்ந்து, அவற்றைப் படித்தெடுத்தார்கள். மெக்னர் அந்த நிரலை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

நம் பெட்டிகள் எங்கே? 1978 நவம்பர் 23 இரவு சூறாவளியில் என் பாட்டன் வீட்டுக் கூரை போனது, கூரையோடு அவருடைய வடமோடிக் கூத்துக் கொப்பி இரண்டும் போயின. 2004இல் கடல் எத்தனை அலுமாரியைக் கொண்டுபோனது! மிஞ்சிய ஏடு கறையானுக்கு. அண்ணாவியார்மார் பாடிப் பதிந்த கசட் நாடா பூஞ்சணம் பிடித்துக் கிடக்கிறது. இதே கல்லடியில் சமாதி கொண்டிருக்கிற விபுலானந்த அடிகள், காரைதீவில் பிறந்தவர், சிலப்பதிகார வரிகளைப் பிடித்துக்கொண்டு வழக்கொழிந்த யாழைத் தேடி 1947இல் யாழ்நூல் தந்தார். வரி எழுத்தில் இருந்தபடியால் தேட முடிந்தது. வரியும் போனால் எந்த அடிகள் வந்து தேடுவார்?

மிஞ்சியதையாவது பிரதியெடுத்து வைக்க ஒரு அறை கேட்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று வருடமாக நடந்தேன். கூரை ஒழுகுகிறது, கதிரை அடுக்கியிருக்கிறது, சாவி வேறு ஆளிடம். கூடம் கோணல், கூடம் கோணல். என் மனைவி கேட்டார், நீங்களும் மூன்று வருடமாக அதைத்தானே சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள் என்று. பதில் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே அறை வேண்டாம். வாசிகசாலை வாசலில், பத்திரிகை மேசைக்குப் பக்கத்தில், ஒரு ஸ்கானர் வைத்திருக்கிறோம். கசட் போடுகிற பழைய செட் ஒன்றும் இருக்கிறது. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு இரண்டு தம்பிமார் இருப்பார்கள். கொப்பியை உங்கள் கண் முன்னாலேயே பிரதியெடுத்துக் கையில் திருப்பித் தருவோம். வாங்கி வைத்துக்கொள்ள மாட்டோம், அந்தப் பயம் வேண்டாம். ஒரு பிரதி இங்கே, ஒன்று வெளியூரில், ஒன்று இணையத்தில்.

நாலாவது விடயம், வேலைவாய்ப்பு, அடுத்த வருடம் கூப்பிட்டால் பேசுகிறேன். பிரதம விருந்தினரின் வாகனம் வாசலுக்கு வந்துவிட்டதாம். அண்ணாவியார் ஐயா, அந்தப் பையை இப்படித் தாருங்கள். தம்பி, மெசினைப் போடு, முதல் கொப்பி ஐயாவுடையது.