ஜெரி ஃபால்வெல் கைவிட்ட பிரசங்கம்

நேயர்களுக்கு என் வணக்கம். 1952ஆம் ஆண்டு ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் நகரில், ஒரு தாய் ஆலயத்துக்குப் புறப்படும் முன் வீட்டு வானொலியைத் திறந்துவைத்துவிட்டுப் போனார். ஆலயத்துக்கு வர மறுத்துப் படுத்திருந்த பதினெட்டு வயது மகன், எழுந்து சென்று அதை அணைக்க மனமில்லாமல், சார்லஸ் ஃபுல்லர் என்னும் போதகரின் வானொலிப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டே கிடந்தார். கள்ளச்சாராய வியாபாரம் செய்த ஒருவரின் மகனான அந்த இளைஞர், அன்று மாலையே, புரோட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவுகளுள் ஒன்றான பாப்டிஸ்ட் ஆலயம் ஒன்றில் மனந்திரும்பினார். அவர்தான் பின்னாளில் போதகராகவும் அரசியல் இயக்கத் தலைவராகவும் ஆன ஜெரி ஃபால்வெல்.

அவருடைய அரசியலைப் பேச வந்த நான் இந்த வானொலிப் பெட்டியில் சற்று அதிகமாகவே தங்குகிறேன் என்றால், அதற்குக் காரணம் உண்டு. 1956ஆம் ஆண்டு, பழைய குளிர்பானத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் முப்பத்தைந்து பேருடன் தாமஸ் ரோடு பாப்டிஸ்ட் சபையைத் தொடங்கிய அவர், அந்த ஆண்டிலேயே வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசத் தொடங்கிவிட்டார். ஆலயத்துக்கு வராதவனின் படுக்கையறை வரைக்கும் ஒரு குரல் போய்ச் சேரும் என்பதை அவர் தம் வாழ்விலேயே கண்டவர். சமையற்கட்டில் வேலை செய்தபடியே ஒரு குரலைப் பல ஆண்டுகள் கேட்டுப் பழகியவர்களுக்கு, அந்தக் குரல் பிற்காலத்தில் வாக்களிக்கச் சொல்லும்போது அது அந்நியர் ஒருவரின் குரலாகத் தோன்றுவதில்லை.

ஆயினும் முதலில் அவர் அரசியலை விலக்கியே பேசினார். 1965 மார்ச் 21ஆம் நாள், கறுப்பினத்தவரின் வாக்குரிமைக்காக மார்ட்டின் லூதர் கிங் அலபாமா மாநிலத்துச் செல்மாவிலிருந்து மான்ட்கோமரிக்கு நடைப்பயணம் புறப்பட்ட அதே நாளில், போதகர்கள் அரசியல்வாதிகளாயிருக்க அழைக்கப்பட்டவர்கள் அல்லர், ஆத்தும ஆதாயம் செய்யவே, அதாவது மனிதரை விசுவாசத்துக்குக் கொண்டுவரவே அழைக்கப்பட்டவர்கள் என்று ஃபால்வெல் பிரசங்கித்தார். 1979இல் அவரே மாரல் மெஜாரிட்டி (ஒழுக்கப் பெரும்பான்மை) என்ற அரசியல் அமைப்பைத் தொடங்கினார். பழைய பிரசங்கத்தைப் பொய்த் தீர்க்கதரிசனம் என்றும் பின்னர் கூறினார். இந்தத் திருப்பத்தைப் பற்றி நான் பல ஆண்டுகளாக எண்ணிப் பார்த்திருக்கிறேன். அவர் அரசியலுக்கு 1979இல்தான் வந்தார் என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. இனப்பாகுபாடு நெடுங்காலம் சட்டமாகவே இருந்த ஊரில், நடக்கப் போன போதகர்களைப் பார்த்துச் சபைக்குத் திரும்புங்கள் என்று சொன்னதும் அரசியலே.

குடும்பத்தைக் காக்க வேண்டும் என்ற அவருடைய அழைப்பை நான் இலேசாக எண்ணவில்லை. வளரும் பிள்ளை எதைப் பார்க்கிறது, யாரோடு பழகுகிறது என்று கவலைப்படாத பெற்றோர் எந்த நாட்டில் இருக்கிறார்கள்? கருக்கலைப்பு உரிமையை அன்று உறுதிசெய்த 1973ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, பெண்களுக்கான சம உரிமை அரசியலமைப்புத் திருத்த முயற்சி, ஓரினச்சேர்க்கையாளர் உரிமை, பள்ளிகளில் நின்றுபோன ஜெபம் ஆகியவற்றை அவர் ஒரே கவலையாகக் கோத்தார். வேதத்தின் ஒவ்வொரு எழுத்தையும் காத்த பாப்டிஸ்ட் போதகராக இருந்தும், அந்தக் கவலைக்காகக் கத்தோலிக்கரையும் யூதரையும் மார்மன்களையும் ஒரே அணியில் சேர்த்தார். அதுவரை வாக்குச்சாவடியை எட்டிப் பார்க்காத பலர், சபைகளின் வழியாகவே வாக்காளர்களாகப் பதிவுசெய்துகொண்டார்கள். ஆனால் செல்மாவில் நடந்தவர்களுக்கும் குடும்பங்கள் இருந்தன. பின்தள்ளப்பட்ட பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டியிருந்த கறுப்பினத் தாயின் கவலையும் குடும்பக் கவலைதான். இனப்பிரிவினையை ஆதரித்தது தவறு என்று ஃபால்வெல் பின்னாளில் ஒப்புக்கொண்டார். ஆயினும் அந்தத் தாயின் கவலை அவருடைய இயக்கத்தின் முதன்மைக் கோரிக்கைகளுள் இடம்பெறவே இல்லை. இதை நான் மீண்டும் சொல்லக் காரணம், குடும்பம் என்ற சொல்லைக் கேட்டவுடன் யாருடைய குடும்பம் என்று கேட்க நாம் மறந்துவிடுகிறோம் என்பதே.

நேரம் குறைவாக இருப்பதால் 1980ஆம் ஆண்டுத் தேர்தலைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஞாயிறு பள்ளி ஆசிரியரும் பாப்டிஸ்ட் விசுவாசியுமான அன்றைய அதிபர் ஜிம்மி கார்ட்டரை எதிர்த்து, மணமுறிவு பெற்று மறுமணம் செய்திருந்த ரொனால்ட் ரீகனை அந்த இயக்கம் ஆதரித்தது. வேட்பாளரின் இல்வாழ்வைவிட அவர் ஏற்ற கொள்கையே அவர்களுக்குப் பெரிதாயிருந்தது. ரீகன் ஐம்பது மாநிலங்களில் நாற்பத்து நான்கை வென்றார். 1989இல் மாரல் மெஜாரிட்டி கலைக்கப்பட்டது. ஃபால்வெல் 1971இல் நிறுவிய கல்லூரி இன்று லிபர்ட்டி பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கிறது. 2007 மே 15ஆம் நாள் அங்கே தம் அலுவலகத்தில்தான் அவர் மயங்கி விழுந்து இறந்தார்.