சுவரில் விழாத கோடு

வணக்கம். சென்னையின் வெயிலையும் மழையையும் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊர்க்காரனிடம் கேட்டால் ஐந்து மணி நேரம் புலம்புவான். சுருக்கப் பார்க்கிறேன்.

சைதாப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கூடத்தில், ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சாண் மேலே, பழுப்பாக ஒரு கோடு ஓடுகிறது. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வந்து நின்ற அளவு அது. அப்புறம் இரண்டு தடவை வெள்ளையடித்தாகிவிட்டது. இரண்டு தடவையும் பெயிண்டர், "சார், பட்டி பார்த்து மறைச்சிடவா?" என்று கேட்டார். என் மனைவி வேண்டாம் என்றுவிட்டாள். வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டுமாம்.

காட்டும்போது கதையும் சேர்ந்து வரும். டிசம்பர் 1 காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47. நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் ஏற்கெனவே தளும்பிக்கொண்டிருந்தன. செம்பரம்பாக்கம் மதகைத் திறந்தார்கள். வழியில் இருந்த சின்னச் சின்ன ஏரிகளின் உபரி நீரும் அதே அடையாற்றில்தான் வந்து விழுந்தது. கரண்ட் இல்லை, செல்போன் இல்லை. விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். மீனவர்கள் படகோடு ஊருக்குள் வந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். நாங்கள் மாடி வீட்டுக்காரர்களோடு இரண்டு நாள் இருந்தோம். அவர்கள் வீட்டு நார்த்தங்காய் ஊறுகாய், எங்கள் வீட்டு பிரெட். அந்தச் சேர்க்கையை இன்றைக்கும் என் பேத்திக்குச் சொல்கிறேன்.

சரி, 2003 மே 31 அன்று நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி. அங்கே பதிவானதிலேயே அதிகம் அதுதான். நானும் இதே ஊரில்தான் இருந்தேன், ஆனால் எனக்கு ஒன்றுமே நினைவில்லை. வெயில் சுவரில் கோடு போட்டுவிட்டுப் போவதில்லை.

அந்த 45-உம் நிழலில் அளந்தது. வானிலை நிலையத்தில் கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நிற்கும். சாய்ந்த பலகைகள் வழியே காற்று போய்வரும், வெயில் நேராக விழாது. தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் உள்ளே வெப்பமானி இருக்கும். தார் ரோட்டில் தள்ளுவண்டி தள்ளுகிறவரின் காலுக்கு என்ன சூடு என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது.

கோடையில் நமக்கு இருக்கிற ஒரே துணை கடற்காற்று. உச்சிவேளைக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம். மேற்கிலிருந்து வரும் நிலக்காற்று வலுத்து அதைத் தடுத்துவிடும் நாட்களில்தான் 42, 43 என்று ஏறுகிறது. ஆனால் இந்தக் கடற்காற்று ஈரத்தையும் தூக்கிக்கொண்டு வரும். வேர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? இங்கே அது வழிகிறது, காய்வதில்லை. 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் பார்க்கப் போன கூட்டத்தில் ஐந்து பேர் இறந்துபோனார்கள். கத்திரி முடிந்து மாதக்கணக்காகியிருந்தது. அன்றைய வெப்பம் நாற்பதைக்கூடத் தொடவில்லை. வெள்ளத்தில் போனவரை வெள்ளத்தில் போனார் என்கிறோம். வெயிலில் போனவரைப் பெரும்பாலும் மாரடைப்பு என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

இன்னொன்று. நுங்கம்பாக்கத்தில் வானிலைக் கணக்கு 1790-களிலேயே தொடங்கிவிட்டது. அந்தக் காலத்தில் பக்கத்திலேயே, மாம்பலம் வரை, நீளமாக ஒரு ஏரி கிடந்தது. 1920-களில் அதில் பெரும்பகுதியை வடித்துத்தான் தியாகராய நகரை உருவாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் ஏரி நிலத்தில்தான். கோட்டம் திறந்த அதே 1976-இல், நவம்பர் மாதம், நுங்கம்பாக்கத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டர் கொட்டியது! வெயிலுக்கும் 45, மழைக்கும் 45. எண் ஒத்துப்போனது தற்செயல். ஆனால் மழையை வாங்கி வைத்துக்கொள்ளவும், கோடையில் அக்கம்பக்கத்தைக் கொஞ்சம் குளிர வைக்கவும் அங்கே இருந்தது ஒரே ஏரி. அதைத் தூர்த்ததில் இரண்டும் போயின. வெள்ளம் வரும்போது மட்டும் "ஏரியில வீடு கட்டினா இப்படித்தான்" என்கிறோம். மே மாதம் மின்விசிறிக்குக் கீழே புழுங்கும்போது யாருக்கும் ஏரி ஞாபகம் வருவதில்லை. எனக்கும்தான்.

போன மே மாதம் பகல் ஒரு மணிக்கு, மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டில் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சீட் தோசைக்கல்லாகக் கொதித்தது. ஓட்டுநர் சின்னப் பையன். "தம்பி, லேக் வியூன்னு பேர் இருக்கே, லேக் எங்கேப்பா?" என்று கேட்டேன்.

"நவம்பர்ல வாங்க சார், காட்டுறேன்" என்றான்.