மீற்றரில 12 வோல்ட் வருது, ஹோர்ன் மட்டும் அடிக்குதில்லை: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். விசுவமடுவில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார், அப்பிடியே வாசிக்கிறன். "அண்ணை, என்ர காரில ஹோர்ன் அடிக்குதில்லை. ஹோர்ன் வயரில மீற்றர் பிடிச்சால் 12.4 வோல்ட் காட்டுது. அப்ப ஹோர்ன்தான் பழுது எண்டு புதுசு பூட்டினன். அதுவும் அடிக்கேல்லை. ரெண்டாவதும் மாத்தியாச்சு. அமத்தினால் முன்னுக்கு ஒரு 'டிக்' மட்டும் கேக்குது. இனி எதை மாத்துறது?"

ஒண்டையும் மாத்தாதீங்கோ தம்பி. ரெண்டு ஹோர்னும் நல்லாத்தான் இருந்திருக்கும். ஹெட்லைட் மங்கிறதைப் பற்றிக் கதைக்கேக்க சொன்னதுதான், திரும்பவும் சொல்லுறன்: லோட், அதாவது கரண்ட் எடுக்கிற சாமான், இல்லாத வயரில மீற்றர் காட்டுற வோல்ட்டை நம்பக் கூடாது.

ஏனெண்டால், மீற்றர் கரண்டை எடுக்கிறதே இல்லை எண்டு சொல்லலாம். ஹோர்ன் ஒண்டு 3, 4 அம்பியர் கேக்கும், சிலது 5. வயருக்குள்ள செம்பு இழை எல்லாம் பச்சை பிடிச்சு, ஒரேயொரு இழைதான் மிச்சமெண்டாலும் மீற்றருக்கு அது காணும், 12 காட்டும். தண்ணிப் பைப்பை நினையுங்கோ. உள்ளுக்குப் பாசி அடைச்சிருந்தாலும், வாயை விரலால பொத்தினால் தண்ணி தள்ளத்தான் செய்யும். விரலை எடுத்தால்தான் நூல் மாதிரி ஒழுகிறது தெரியும். மீற்றர் பொத்தின விரல். ஹோர்ன் திறந்த பைப்.

அந்த 'டிக்' என்ன? ஹோர்னுக்குள்ள காந்தம் தகட்டை இழுக்கும், இழுபட்ட உடன பொயின்ட், அதாவது கரண்ட் போற தொடுமுனை, விலகிக் கரண்ட் அறும், தகடு திரும்பும். இது செக்கனுக்கு நூற்றுக்கணக்கில நடந்தால்தான் சத்தம். கரண்ட் காணாட்டி தகடு கொஞ்சம் இழுபட்டு, பொயின்ட் விலகாமல் அப்பிடியே நிண்டிடும். அதுதான் ஒரு டிக். அந்த நேரம் சுவிற்சை அமத்திப் பிடிச்சுக் கொண்டிருக்காதீங்கோ, கொயில், அதாவது அந்தக் காந்தத்தின்ர வயர்ச் சுருள், சூடாகும்.

பின் சிக்னலுக்குப் போடுற 12 வோல்ட் 21 வாற் பல்ப் ஒண்டு எடுத்து, ரெண்டு வயர் ஒட்டுங்கோ. எல்இடி வேண்டாம், அது துளிக் கரண்டுக்கே எரிஞ்சு மீற்றர் சொன்ன அதே பொய்யைச் சொல்லும். ஹோர்ன் வயரைக் கழட்டி, அதுக்கும் ஹோர்ன் பூட்டியிருக்கிற பட்டைக்கும் நடுவில பல்பைப் பிடியுங்கோ. ரெண்டு வயர் வாற ஹோர்னெண்டால் அந்த ரெண்டுக்கும் நடுவில. ஒராளை சுவிற்சை அமத்தச் சொல்லுங்கோ. பல்ப் பளிச்செண்டு எரிஞ்சால் வயரும், எர்த்தும், அதாவது கரண்ட் பற்றறி மைனஸுக்குத் திரும்பிப் போற வழியும், பெரும்பாலும் சரி, ஹோர்னைப் பாருங்கோ. மங்கலா எரிஞ்சால், எர்த் பக்கத்துக் காலை மட்டும் நேர பற்றறி மைனஸில வையுங்கோ. இப்ப பளிச்செண்டால் பிழை எர்த்தில. இன்னும் மங்கல்தான் எண்டால் பிளஸ் வாற வழியில.

எங்கட பக்கம் கூடுதலா எர்த்தாத்தான் இருக்கும். ஹோர்ன் இருக்கிறது கிறிலுக்குப் பின்னால. கிரவல் றோட்டுப் புழுதி அந்தப் போல்ட்டைச் சுத்திப் படியும், கார்த்திகை மார்கழி வெள்ளத்துக்குள்ள ஓடினால் அந்தப் புழுதி ஈரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கும், பட்டைக்குக் கீழ துரு ஏறும். போல்ட்டைக் கழட்டி, பட்டையையும் காரின்ர பொடியில அது முட்டுற இடத்தையும் வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டிப் பூட்டுங்கோ, மேலால கிறீஸ் பூசுங்கோ. வயரெண்டால் தோலை ரெண்டு அங்குலம் உரியுங்கோ. செம்பு மினுங்க வேணும். கறுத்துக் கிடந்தால் மினுங்கிற இடம் வரும் வரைக்கும் வெட்டி, புதுத் துண்டு வைச்சு ஒட்டுங்கோ. வேலை முடிய ஹோர்ன் அடிக்கேக்க, அதின்ர எர்த்துக்கும் பற்றறி மைனஸுக்கும் நடுவில மீற்றர் பிடியுங்கோ. இப்ப மீற்றரை நம்பலாம், லோட் இருக்கு. அரை வோல்ட்டுக்கு மேல காட்டக் கூடாது.

டிக் கூட இல்லாத ஆக்களுக்கு: முதல் ஹசாட் லைட்டைப் போடுங்கோ. சில கார்களில ரெண்டுக்கும் ஒரே பியூஸ், அதுவும் எரியேல்லை எண்டால் பியூஸ்தான். எரிஞ்சதின்ர இடத்தில கூடின அம்பியர் போடாதீங்கோ. அடுத்தது ரிலே, சின்னக் கரண்டால பெரிய கரண்டைத் திறந்து பூட்டுற சுவிற்ச் அது. பக்கத்தில அதே நம்பரில இருக்கிறதோட மாத்திப் பாருங்கோ. ரிலே 'கிளிக்' எண்டாலும் உள்ளுக்குப் பொயின்ட் கருகியிருக்கலாம், சத்தத்தை மட்டும் வைச்சு அதை நல்லது எண்டு சொல்ல ஏலாது. ஸ்ரியரிங்கைத் திருப்பேக்க ஒரு பக்கம் அடிச்சு மற்றப் பக்கம் அடிக்கேல்லை, ஏர்பாக் லைட்டும் எரியுது எண்டால், ஸ்ரியரிங்குக்குள்ள சுருண்டிருக்கிற ஸ்பைரல் கேபிள் அறுந்திருக்கு. அங்க பல்பும் வேண்டாம், மீற்றரும் வேண்டாம். மஞ்சள் உறை வயர் ஏர்பாக்குக்குப் போறது, அதில கரண்ட் பட்டால் முகத்தில வெடிக்கும். பற்றறி மைனஸைக் கழட்டி, மூண்டு நிமிசமாவது பொறுத்து, தெரிஞ்ச ஆளைக் கொண்டுதான் திறக்க வேணும்.

தம்பி கேக்காத ஒண்டும் இருக்கு, அதைத்தான் கேட்டிருக்க வேணும்: ரெண்டு புது ஹோர்னையும் எப்பிடிப் பூட்டினீங்கள்? சங்கு மாதிரி ஹோர்னெண்டால் வாய் கீழ பாக்க வேணும். மேல பாத்தால் மழைத் தண்ணி உள்ளுக்கு நிக்கும், தகடு துருப்பிடிக்கும், அப்பவும் டிக் மட்டும்தான். மாடு றோட்டில படுத்திருக்குது எண்டு ரெட்டைச் சத்த ஹோர்ன் போடுற ஆக்களும் கவனியுங்கோ. ஸ்ரியரிங் சுவிற்ச் செய்திருக்கிறது ரிலேயின்ர கொயிலுக்கு, அது கால் அம்பியர் கூட எடுக்காது. அந்தச் சுவிற்சுக்குள்ளால 8 அம்பியர் விட்டால் கருகிப் போகும். அதால ரிலே கட்டாயம், பற்றறிக்குக் கிட்ட 15 அம்பியர் பியூஸும் கட்டாயம். பின்னால இருக்கிற ஸ்குரூவைத் திருப்பிச் சத்தம் பாக்கிறதெண்டால், முதல் நிண்ட இடத்தை அடையாளம் போட்டிட்டு, கால் சுத்துக்கு மேல ஒரே தரத்தில திருப்பாதீங்கோ.

பல்பு பிடிச்சுப் பாத்து, எந்தப் பக்கம் மாத்தினப்ப பளிச்செண்டது எண்டு கீழ எழுதிவிடுங்கோ தம்பி.